தெருவில் தார்ச் சாலை போடும் முன் முடிக்க வேண்டிய வேலைகள் எவை? பிரித்துக் கொடுக்கும் குப்பை எங்கே செல்கிறது?

கேள்வி: தெருச் சங்கச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் உட்புறத் தெரு ஒன்றின் குடியிருப்போர் நலச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் தெரு ஏறத்தாழ 6 மீட்டர் அகலமுடையது. பெரும்பாலும் தனி வீடுகள். நான்கைந்து அடுக்குமாடிக் கட்டடங்களும் உண்டு. வரும் மாதங்களில் எங்கள் தெருவுக்குப் புதிய தார்ச் சாலை போடப்படும் என்று வார்டு உதவிப் பொறியாளர் தெரிவித்திருக்கிறார். மகிழ்ச்சியான செய்திதான் என்றாலும், பல ஆண்டுகளாகச் சாலைக்கு மேல் சாலை போட்டுப் போட்டு, பழைய வீடுகள் சிலவற்றின் தரைமட்டம் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. மழைக்காலத்தில் அந்த வீட்டுக்காரர்கள் வாசலில் மணல் மூட்டை அடுக்கி வைக்கிறார்கள். இந்த முறையும் மட்டம் உயர்ந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். இன்னும் இரண்டு வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு வேறு பாக்கி இருக்கிறது.

இரண்டாவது ஐயம் குப்பையைப் பற்றியது. ஈரக் கழிவையும் உலர் கழிவையும் தனித்தனியாகக் கொடுக்குமாறு வீடு வீடாகச் சென்று கேட்டு வருகிறோம். பாதிப் பேர் கொடுக்கிறார்கள். மீதிப் பேர், "நாம் பிரித்துக் கொடுத்தாலும் கடைசியில் ஒரே லாரியில்தானே கொட்டுகிறார்கள்" என்று சொல்லி மறுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் எங்கள் தெருவின் சார்பாக ஒரு மனு கொடுக்க எண்ணியிருக்கிறோம். எந்த வேலை எந்தத் துறையின் பொறுப்பு, எதை முதலில் கேட்க வேண்டும், வேலை நடக்கும்போது எங்களைப் போன்ற சாதாரணக் குடியிருப்பாளர்கள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும் என்பதை இத்துறைகளில் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

வணக்கம். எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதிலேயே பலருக்குப் பாதி ஆண்டு போய்விடுகிறது. ஆகவே பொறுப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன். தமிழக அரசின் பொதுப்பணித் துறைக்கும் உங்கள் தெருவுக்கும் தொடர்பு கிடையாது; அது முதன்மையாக அரசுக் கட்டடங்களைக் கட்டிப் பராமரிக்கும் துறை. அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் உள்ளன. மற்றவை பெருநகர சென்னை மாநகராட்சியுடையவை. அவற்றில் பேருந்து ஓடும் சாலைகள் சுமார் 387 கிலோமீட்டர். இவற்றை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையிலுள்ள பேருந்து சாலைகள் துறை கவனிக்கிறது. உங்கள் தெருவைப் போன்ற உட்புறச் சாலைகள் சுமார் 5,270 கிலோமீட்டர். இவை மண்டல அலுவலகத்தின் செயற்பொறியாளர் வழியாக வார்டு உதவிப் பொறியாளரின் பொறுப்பில் வருகின்றன. 2011-இல் நகரின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, அதுவரை நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளாக இருந்த பகுதிகளின் தெருக்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தன. ஒரு தெருவுக்கு முறை வர ஏன் இத்தனை காலம் ஆகிறது என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும்.

சாலையின் அடியில் ஓடுபவை வேறு துறைகளுடையவை. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் 1978-இல் அமைக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. மின்கம்பி மின்வாரியத்துடையது, இணையக் கம்பிகள் தனியார் நிறுவனங்களுடையவை. மழைநீர் வடிகால் மட்டும் மாநகராட்சியின் கையில் இருக்கிறது. இவர்களில் எவர் சாலையை வெட்டினாலும் மாநகராட்சியிடம் அனுமதி பெற்று, சீரமைப்புக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சாலை வெட்டு அனுமதியை மாநகராட்சி நிறுத்தி வைப்பது ஆண்டுதோறும் நடப்பது. ஆகவே அந்த இரண்டு வீடுகளின் சாக்கடை இணைப்பை இப்போதே முடித்துவிடுங்கள். புதுச் சாலையில் ஒரு வெட்டு விழுந்தால், அதை எவ்வளவு நன்றாக மூடினாலும் பழைய தாருக்கும் புதிய தாருக்கும் இடையிலுள்ள பொருத்தில் நீர் இறங்கவே செய்யும். தாரிடமிருந்து கல்லைப் பிரித்தெடுப்பது அந்த நீர்தான். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர்; அதில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே கொட்டித் தீர்த்துவிடுகிறது என்பதால், பொருத்துகள் பலவீனமாக உள்ள சாலை ஒரே பருவத்தில் பெயர்ந்துவிடும்.

அடுத்தது மட்டம். இதைப் பற்றி நீங்கள் அஞ்சத் தேவையில்லை. ஆனால் விழிப்பாக இருக்க வேண்டும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும், வீடுகளின் மட்டத்துக்கு மேல் சாலை உயரக் கூடாது என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். இந்தச் சுரண்டும் வேலையை மில்லிங் என்கிறோம். பற்கள் பதித்த உருளை ஒன்று சுழன்று, பழைய தாரை ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சீவி எடுத்து, முன்னால் செல்லும் லாரியில் கொட்டும். சீவிய பின் தரை கோடு கோடாக வரிவரியாக இருக்கும். அந்த வரிகள் தெருவின் ஓரம் வரை இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய இயந்திரம் ஓரத்தை எட்டாததால், நடுவில் மட்டும் சீவி ஓரத்தை விட்டுவிட்டால் வீட்டுவாசல் பக்கத்தில் மட்டம் குறையாது. ஓரத்தை ஜேசிபியாலோ கையாலோ கொத்தி எடுத்தாக வேண்டும். எடுத்த ஆழமும் புதிதாகப் போடும் கனமும் ஒன்றாக இருந்தால் மட்டம் உயராது. ஒரு வீட்டின் வாசற்படியிலிருந்து சாலை வரையுள்ள உயரத்தை முன்கூட்டியே அளவுகோலால் அளந்து, அளவுகோல் தெரியும்படி புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேசுவதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

சீவிய பிறகு நடப்பவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். புழுதியைப் பெருக்கி, காற்றடித்துச் சுத்தம் செய்து, டேக் கோட் எனப்படும் தார்க் குழம்பைத் தெளிக்க வேண்டும்; புழுதியின் மேல் போட்ட தார் ஒட்டாது. இரண்டாவது வெப்பம். உங்கள் தெருவுக்கு வி.ஜி. 30 வகைத் தார் பயன்படுத்தப்பட்டால், கலவையை விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் உருளையால் அழுத்தி முடித்துவிட வேண்டும். போக்குவரத்து நெரிசலில் சிக்கிய லாரியில், தார்ப்பாய் போட்டு மூடாத கலவை வழியிலேயே ஆறிவிடும். தளத்திலுள்ள பொறியாளரிடம் வெப்பமானி இருக்கும். அளவு என்ன என்று கேட்பதில் தவறில்லை. மூன்றாவது வாட்டம். தார்ச் சாலை நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 முதல் 2.5 சதவீதம் சரிய வேண்டும். 6 மீட்டர் தெருவில் நடுவிலிருந்து ஓரம் 3 மீட்டர். ஆகவே நடு, ஓரத்தைவிட 6 முதல் 7.5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். இது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. தெருவின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் தெரிந்துவிடும். பாதாளச் சாக்கடை மூடிகளைப் புதிய மட்டத்துக்கு ஏற்றவோ இறக்கவோ செய்திருக்கிறார்களா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, ஆவணங்கள். மதிப்பீட்டின் நகல், ஒப்பந்தத்திலுள்ள குறைபாட்டுப் பொறுப்புக் காலம், செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, காகிதங்களைப் பெறுவதோடு நிற்காமல், பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. பலருக்கு இது தெரியாது. பொறுப்புக் காலம் முடியும் வரை சாலையில் ஏற்படும் பழுதை ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதால், அந்தத் தேதியைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதி வைப்பது மிகவும் அவசியம்.

மறுமொழி 2: உரக்குழித் தன்னார்வலர்

பொறியாளர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. குப்பையைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் பகுதியில் வீட்டு உரம் தயாரிப்பைப் பரப்பும் குழுவொன்றில் சில ஆண்டுகளாக இருக்கிறேன்.

"ஒரே லாரியில் கொட்டுகிறார்கள்" என்பவர்களிடம் வாதாடுவதற்குப் பதில், ஒரு நாள் காலையில் உங்கள் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியின் பின்னால் நடந்து பாருங்கள் என்று சொல்லுங்கள். வண்டியில் தனித்தனித் தொட்டிகள் இருக்கும். பிரித்துக் கொடுத்த வீட்டின் ஈரக் கழிவு ஒரு தொட்டிக்கும் உலர் கழிவு இன்னொரு தொட்டிக்கும் போவதைக் கண்ணால் பார்க்கலாம். பிரிக்காத பையைக் கொடுத்தால், பணியாளர் அதை நடுத்தெருவில் அவிழ்த்து, சாம்பார் சாதத்துக்குள் கிடக்கும் பால் பாக்கெட்டைக் கையால் எடுக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு ஒரு வீட்டுக்குக் கிடைப்பதோ சில விநாடிகள். பத்து வீட்டுப் பைகள் அப்படி வந்தால் மீதி வீடுகளுக்கு நேரம் போதாது. அப்போதுதான் எல்லாம் ஒன்றாகக் கலக்கிறது. ஆகவே உங்கள் தெருவில் மறுக்கும் பாதிப் பேரே, கொடுக்கும் பாதிப் பேரின் உழைப்பையும் வீணாக்குகிறார்கள். இதைக் கோபமின்றி, ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வண்டியிலிருந்து ஈரக் கழிவு, அருகிலுள்ள நுண்ணுரக் கூடத்துக்கோ உயிரி எரிவாயு ஆலைக்கோ போகும். சேத்துப்பட்டில் அப்படியோர் ஆலை இருக்கிறது. உலர் கழிவு வகைபிரிக்கும் கூடத்துக்குச் சென்று, விலைபோகும் பொருட்கள் மறுசுழற்சிக்குப் போகின்றன. விலைபோகாத, ஆனால் எரியக்கூடிய பிளாஸ்டிக், துணி முதலியன சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பப்படுகின்றன. பிரிக்கப்படாதது, குப்பையை வண்டி மாற்றி ஏற்றும் நிலையத்தில் காம்பாக்டர் லாரியில் நசுக்கி ஏற்றப்பட்டுக் கிடங்குக்குப் போகிறது. நசுக்கிய பின் அதைப் பிரிக்கவே முடியாது. ஈரம் ஊறிய காகிதமும் அட்டையும் எதற்கும் உதவாது. இந்த நகரம் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை உண்டாக்குகிறது. அதில் ஏறத்தாழ சரிபாதி சமையலறையிலிருந்து வரும் ஈரக் கழிவு. அந்தப் பாதி மட்டும் தனியே வந்தால் மறுபாதி தானாகவே பயனுள்ள பொருளாகிவிடும். எனக்கு இதில் சிறிதும் ஐயமில்லை.

பிரிக்காததன் விளைவை அறிய வடசென்னையின் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போனால் போதும். பல பத்தாண்டுகளாகக் கொட்டிய சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையை அங்கே பயோமைனிங் முறையில் அகற்றி வருகிறார்கள். குப்பை மேட்டைக் கிளறி வரிசை வரிசையாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, உலரவிட்டு, பிறகு டிராமல் எனப்படும் பெரிய சுழல் சல்லடையில் போடுகிறார்கள். ஒரு பக்கம் மண் உதிரும். மறுபக்கம் பிளாஸ்டிக் பைகளும் கந்தல் துணிகளும் வந்து விழும். கல்லும் கண்ணாடியும் வேறாகப் பிரியும். நம் வீட்டில் இரண்டு தொட்டி வைத்துச் செய்திருக்க வேண்டிய வேலையைப் பல ஆண்டுகள் கழித்து, பல நூறு கோடி ரூபாய் செலவில் இயந்திரங்கள் செய்கின்றன. பெருங்குடியிலும் சுமார் 225 ஏக்கரில் பரவிக் கிடந்த குப்பைக்கு இதே வேலைதான் நடந்தது. அந்தக் கிடங்கு இருந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அந்தச் சதுப்பு நிலம் இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தது.

உங்கள் தெருவின் அடுக்குமாடிக் கட்டடங்களைப் பற்றியும் ஒரு சொல். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குவோரை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று வகைப்படுத்தின. உங்கள் தெருவிலுள்ளவை அந்த அளவுக்கு வரமாட்டா என்றே நினைக்கிறேன். ஆனாலும் மொட்டைமாடியிலோ பின்புறத்திலோ ஈரக் கழிவை உரமாக்கத் தொடங்கினால், தெருவில் வண்டி ஏற்றும் சுமையில் பெரும்பகுதி குறைந்துவிடும். நாப்கின், டயப்பர் ஆகியவற்றைத் தாளில் தனியே சுற்றிக் கொடுங்கள். ட்யூப் லைட், காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா, பேட்டரி முதலியவற்றைத் தனிப் பெட்டியில் சேர்த்துவைத்துக் கொடுங்கள். ஊசி குத்திய விரலோடு வேலை செய்யும் பணியாளரை நான் பார்த்திருக்கிறேன். அவரைப் பார்த்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மறுமொழி 3: வடசென்னை வாசகர்

இரண்டு மறுமொழிகளும் பயனுள்ளவை. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குப்பை அள்ளுவதற்கு எந்த அடிப்படையில் பணம் தரப்படுகிறது என்பதைப் பொறுத்தே தெருவில் என்ன நடக்கும் என்பதும் அமைகிறது. 2000-இல் சென்னையின் சில மண்டலங்களில் முதன்முதலாகக் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் தரப்பட்டபோது, அள்ளிய எடைக்கு ஏற்பப் பணம் என்ற முறை இருந்தது. எடைக்குப் பணம் என்றால் குப்பை குறைவதில் நிறுவனத்துக்கு ஆதாயம் இல்லை. வீட்டிலேயே உரமாகும் கழிவு நிறுவனத்துக்கு இழப்பாகிவிடும். 2020-இல் வந்த ஒப்பந்தங்களில் வீடுவீடாகச் சேகரிப்பது, தரம் பிரிப்பது, தெரு தூய்மையாக இருப்பது போன்ற செயல்திறன் அளவுகோல்களை வைத்துப் பணம் தரும் முறை கொண்டுவரப்பட்டது. கொள்கை அளவில் இது சரியான மாற்றம் என்பதே என் கருத்து. ஆனால் அந்த அளவுகோல்களைத் தெருவாசிகள் அறிந்திருந்தால்தான் அவை பலன் தரும். உங்கள் மனுவில் அவற்றின் நகலையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகையின் முன் பல நாட்கள் போராடினார்கள். அதிகாலையில் நம் தெருவைப் பெருக்குபவரின் ஊதியம், பணிப் பாதுகாப்பு, கையுறை ஆகியவற்றைப் பேசாமல் தெருத் தூய்மையைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

எரிஉலை பற்றியும் சொல்ல வேண்டும். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை எங்கள் பகுதி நலச் சங்கங்கள் எதிர்க்கின்றன. 2025-இல் மனிதச் சங்கிலி அமைத்தும் எதிர்ப்பைத் தெரிவித்தோம். நகரமெங்கும் உள்ள குப்பையைப் பல தலைமுறைகளாகத் தாங்கிய இடத்திலேயே அதன் புகையையும் தாங்கச் சொல்வது நியாயமாகாது. பாதி ஈரமாக இருக்கும் குப்பையை எரிக்க முற்படுவது தொழில்நுட்ப அளவிலும் பொருந்தவில்லை. ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தின் பெரும்பகுதி செலவாகிவிடும்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

வடசென்னை நண்பரின் கவலையை மதிக்கிறேன். ஒரு விளக்கம் மட்டும். 2016 விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாததும் கிலோவுக்கு 1,500 கிலோ கலோரி அல்லது அதற்கு மேல் வெப்பம் தரக்கூடியதுமான கழிவை நிலத்தில் கொட்டக் கூடாது, எரிசக்திக்குப் பயன்படுத்த வேண்டும் என்றன. அதனால் எரிபொருளாகப் போகும் ஒரு பகுதி எப்போதும் இருக்கும். ஆனால் பிரித்து உலர்த்திய பகுதியைச் சிமென்ட் சூளைக்கு அனுப்புவது வேறு, கலந்த குப்பையைக் குடியிருப்புகளின் நடுவே எரிப்பது வேறு. இதில் உங்களோடு உடன்படுகிறேன்.

கேள்வி கேட்டவர்: தெருச் சங்கச் செயலாளர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வாசற்படி உயரங்களை அளந்து படம் எடுக்கும் வேலையை எங்கள் சங்கத்தின் இளைஞர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். சாக்கடை இணைப்புக்கு இரு வீட்டுக்காரர்களும் விண்ணப்பிக்க ஒப்புக்கொண்டார்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள். உலர் கழிவாகக் கொடுக்கும் பிளாஸ்டிக்கைச் சாலையிலேயே கலந்து போடலாம் என்கிறார்களே, எங்கள் தெருவுக்கு அதைக் கேட்கலாமா? மேலும், தெருவின் தாழ்ந்த முனையில் சிறு மழைக்கே தண்ணீர் நிற்கிறது. வடிகால் இருந்தும் ஏன் இப்படி? புதிய சாலை போட்டால் இது சரியாகிவிடுமா?

மறுமொழி 5: ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

பிளாஸ்டிக் சாலை நம் மாநிலத்தில் பிறந்த முறை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் அதை உருவாக்கினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள ஜம்புலிங்கம் தெருவில் 2002-இல் இம்முறையில் சாலை போடப்பட்டது. துண்டு துண்டாக நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சுமார் 165 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லின் மீதும் மெல்லிய பூச்சாகப் படியும். அதன் பிறகே தார் சேர்க்கப்படும். பூச்சு இருப்பதால் கல்லுக்கும் தாருக்கும் இடையே நீர் எளிதில் புகாது. பி.வி.சி. வகையை மட்டும் சேர்க்கவே கூடாது; சூட்டில் நச்சு வாயு வெளிவரும்.

ஆனால் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி, தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக் சேர்க்கச் சொல்கிறது. 6 மீட்டர் அகலத் தெருவில் 100 மீட்டர் நீளத்துக்கு 30 மில்லிமீட்டர் கனத்தில் சாலை போட்டால் ஏறத்தாழ 42 டன் கலவை வேண்டும். அதில் தார் 2.3 டன் அளவுக்கு இருக்கும். பிளாஸ்டிக் 140 முதல் 185 கிலோ வரை சேரும். சாலைக்கு இது நல்லது, கேட்டுப் பெறுங்கள். எனினும் நகரின் பிளாஸ்டிக் முழுவதும் சாலைக்குள் போய்விடும் என்று எவரும் நம்ப வேண்டாம். தேநீர்க் கடைப் பையையும் ஒருமுறை பயன்படுத்தும் குவளையையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்திருப்பதைக் கடைப்பிடிப்பதே பெரிய வேலை.

தண்ணீர் நிற்பதற்கு வருகிறேன். புதிய சாலையால் மட்டும் அது சரியாகாது. பழைய காரணம் அப்படியே இருந்தால் புதிய சாலை அதே இடத்தில் முதலில் கெடும். தெரு ஓரத்தில் இரும்புக் கம்பி வலையோ துளையிட்ட மூடியோ போட்ட சிறு தொட்டிகள் இருக்கும். அவற்றை வண்டல் வடிகட்டித் தொட்டி என்கிறோம். சாலையில் விழும் நீர் முதலில் அதில் இறங்கும். மண் அடியில் தங்கும். தெளிந்த நீர் மட்டும் ஒரு குழாய் வழியாக வடிகாலுக்குப் போகும். பெரிய வடிகால் சுத்தமாக இருந்தும் தெருவில் நீர் நிற்கிறதென்றால், இந்தத் தொட்டியோ அந்தக் குழாயோதான் அடைத்திருக்கும். மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இலை, பிளாஸ்டிக் உறை, கட்டுமான மணல் மூன்றும் கெட்டியாக இறுகிக் கிடக்கும். தெரு பெருக்கும்போது குப்பையை வலைக்குள் தள்ளிவிடுவதும், வீடு கட்டுபவர் மணலையும் ஜல்லியையும் சாலையோரத்தில் குவித்து வைப்பதும்தான் காரணம். குப்பை வேலையும் சாலை வேலையும் சேர்ந்து சந்திக்கும் இடம் இந்தத் தொட்டி. மாநகராட்சியில் இரண்டையும் வெவ்வேறு துறைகள் பார்ப்பதால், உங்கள் மனுவில் இதைத் தனிக் கோரிக்கையாக எழுதி, வார்டு பொறியாளருக்கும் தூய்மைப் பணி மேற்பார்வையாளருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணிலோ நம்ம சென்னை செயலியிலோ புகாரைப் பதிந்து, புகார் எண்ணை மனுவில் குறிப்பிட்டால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மறுமொழி 6: உரக்குழித் தன்னார்வலர்

பொறியாளர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் தெருவில் தொட்டிகளைத் தூர்வாரிய பிறகும் நீர் நின்றது. காரணம் வீட்டுவாசல்களில் வண்டி ஏற்றுவதற்காகப் போட்டிருந்த சிமென்ட் சாய்தளங்கள். ஒவ்வொன்றும் சாலைக்குள் இரண்டு அடி நீண்டு, ஓரமாக ஓடும் நீரை வாசலுக்கு வாசல் மறித்துக்கொண்டிருந்தது. சங்கக் கூட்டத்தில் பேசி, சிலர் தாமாகவே உடைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அடியில் குழாய் பதித்துக்கொண்டார்கள். உடைத்த கல்லையும் சிமென்ட்டையும் தெருமுனையில் கொட்டாமல் மாநகராட்சியின் கட்டடக் கழிவு சேகரிப்பு இடத்துக்கு அனுப்பினோம். இதை மில்லிங் வேலைக்கு முன்பே செய்ய வேண்டும். தார் போட்ட பிறகு சாய்தளத்தை உடைத்தால் புதுச் சாலையின் ஓரமும் சேர்ந்தே பெயரும்.